பழையதும் புதியதும் ஒரே கொட்டகையில்

தமிழ் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு ஆடிய காலத்தில், ஒரு முகாம் என்பது ஒரே ஒரு நாடகத்துக்கான ஏற்பாடாக இருந்ததில்லை. கம்பெனி வந்து இறங்கினால் வாரக்கணக்கில் தங்கும். வசூல் நன்றாக இருந்தால் மாதக்கணக்கில் தங்கும். இன்றைக்கு ‘வள்ளி திருமணம்’, நாளைக்குக் ‘கோவலன்’, அதற்கடுத்த நாள் துப்பறியும் நாவலிலிருந்து எடுத்த சமூக நாடகம் என்று பட்டியல் சுழன்றுகொண்டே இருக்கும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அதே ஆட்கள்தாம். ஆர்மோனியமும் படுதாக்களும் மாறுவதில்லை. பார்க்க வருகிறவர்களும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். தமிழ் மேடை இழந்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்தச் சுழற்சிதான். நல்ல நாடகங்கள் எழுதப்படவில்லை, நடிகர்கள் சினிமாவுக்குப் போய்விட்டார்கள் என்றெல்லாம் நாம் அடிக்கடி வருந்துகிறோம். ஆனால் பழைய நாடகத்தையும் புதிய நாடகத்தையும் ஒரே குழு, ஒரே பருவத்தில், ஒரே மக்களுக்கு முன்னால் ஆடுகிற வழக்கம் நின்றுபோனதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்த வழக்கம் எதைச் சாதித்தது, எங்கே தவறியது என்று எடை போட்டுப் பார்ப்பது மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் போன்ற ஓர் ஊருக்கு இன்று பயன்படும் என்று நம்புகிறேன்.

இதற்கு டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்ற நான்கு சகோதரர்களும் 1918-இல் மதுரையில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. சுவாமிகள் 1922-இல் மறைந்த பின், 1925-இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்ற பெயரில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். கையில் இருந்த முதல் சொத்து சுவாமிகளின் பாடங்கள்: ‘சத்தியவான் சாவித்திரி’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘அபிமன்யு சுந்தரி’. அடுத்து எம். கந்தசாமி முதலியார் ஆசிரியராக வந்தார். அவர் வழியாகப் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களும், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்களை நாடகமாக்கிய ‘இராஜேந்திரா’, ‘மேனகா’ போன்றவையும் அந்தச் சிறுவர்களின் உடம்பில் ஏறின. 1931-இல் ‘தேசபக்தி’, 1937-இல் ‘குமாஸ்தாவின் பெண்’, 1942-இல் ‘அவ்வையார்’, 1955-இல் அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’. ஒரே குடும்பத்தின் ஒரே மேடையில் முப்பது ஆண்டுகளுக்குள் புராணம், துப்பறியும் கதை, தேச விடுதலை, வரதட்சணைக் கொடுமை, சோழர் வரலாறு எல்லாம் வந்து போயின. புதியது வந்ததும் பழையதைத் தூக்கி எறியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்த வழக்கத்தின் முதல் பலம் நடிகனின் பயிற்சியில் இருக்கிறது. சுவாமிகளின் நாடகம் பாட்டால் ஆனது. வெண்பா, விருத்தம், கீர்த்தனை, தர்க்கப்பாட்டு என்று மாறி மாறி வருவதை மனப்பாடம் செய்து, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசிப் பெஞ்சு வரை கேட்கும்படி பாடவேண்டும், பாடிக்கொண்டே நடிக்கவேண்டும். அப்படிப் பழகிய மூச்சு சமூக நாடகத்தின் வசனத்துக்கு வரும்போது வசனம் உதிராது. சொல்லின் எடை எங்கே விழவேண்டும் என்று அந்த நாக்குக்குத் தெரியும். என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் கம்பெனியில் வளர்ந்தவர். பி.யூ. சின்னப்பா, எம்.ஜி. ராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோரும் சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் உருவானவர்களே. பின்னாளில் சினிமா இவர்களை எடுத்துக்கொண்டது. ஆனால் இவர்களைத் தயாரித்தது இன்று புராணமும் நாளை சமூகமும் என்று ஆடவைத்த அந்தச் சுழற்சி. மற்றொரு பக்கம், புதிய நாடகம் பழையதுக்கும் கைம்மாறு செய்தது. ‘குமாஸ்தாவின் பெண்’ணில் ஒரு நடுத்தர வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெல்லப் பேசப் பழகிய நடிகன், மறுநாள் கோவலனாக வரும்போது கண்ணகியிடம் பேசும் தொனி மாறாமல் இருக்காது. இரண்டு விதமான உண்மை ஒரே உடம்பில் வந்து தங்கும்.

இது தமிழுக்கு மட்டும் உரிய அனுபவமும் இல்லை. 1898-இல் மாஸ்கோ கலை அரங்கம் தன் முதல் பருவத்தை ஒரு பழைய ருஷ்ய மன்னனைப் பற்றிய வரலாற்று நாடகத்தோடு தொடங்கியது. அதே பருவத்தில் ஷேக்ஸ்பியரும் சோஃபோக்ளிஸும் ஆடினார்கள். அவற்றின் நடுவேதான் செகாவின் ‘கடற்புறா’ வந்தது. செகாவின் மெல்லிய உரையாடலைத் தாங்கும் பொறுமையைப் பார்வையாளர்கள் ஒரே இரவில் கற்றுக்கொண்டிருக்க முடியாது. பாரிஸில் 1680-இல் நிறுவப்பட்ட கொமெடி ஃபிரான்சேஸ் இன்றும் நாடகங்களை மாற்றி மாற்றித்தான் ஆடுகிறது. நம் கொட்டகைக்காரர்கள் இவற்றைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. ஒரே ஊரில் ஒரே மக்களை இரண்டு மாதம் வரவழைக்க வேண்டிய பிழைப்பு அவர்களை அதே முடிவுக்குக் கொண்டு வந்தது.

பிழைப்பு என்று சொல்லும்போது குறைகளையும் பேசியாக வேண்டும். பழைய நாடகம் வசூல் தரும், புதிய நாடகம் பெயர் தரும் என்ற கணக்கு அந்தப் பட்டியலுக்குள் ஓடியது. புதியது கையைக் கடித்தால் பழையது காப்பாற்றும். ஒரு விதத்தில் இது நல்ல ஏற்பாடு. வள்ளியும் கோவலனும் இல்லாவிட்டால் புதிய நாடகங்களுக்குக் கொட்டகை வாடகை கட்டியிருக்க முடியாது. ஆனால் காப்பாற்றுகிற நாடகத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள். வசூல் தருகிற பாட்டை வெட்டமுடியாது, வசூல் தருகிற காட்சியின் பொருளை மாற்றமுடியாது. அதனால் பழையது உறைந்துபோனது. புதிய நாடகம் பெண்ணின் துயரத்தைப் பேசிய அதே மேடையில், மறுநாள் கற்புக்காகப் பெண் படும் பாட்டைக் கேள்வியில்லாமல் மெச்சும் நாடகம் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒரே கூரையின் கீழ் குடியிருந்து, ஒருவரோடொருவர் பேசாத இரண்டு குடும்பங்களைப்போல அவை இருந்தன.

அடுத்த குறை மனிதர்களைப் பற்றியது. அதை லேசாகச் சொல்லிக் கடந்துவிடக்கூடாது. சுவாமிகள் பாய்ஸ் கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பெரிய நடிகர்கள் பாடத்துக்குக் கட்டுப்படாமல், மேடையிலேயே போட்டிப் பாட்டும் போட்டி வாதமுமாக நாடகத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். சிறுவர்கள் கட்டுப்படுவார்கள் என்று அவர் கருதினார். அந்தக் கட்டுப்பாட்டின் விலையைச் சிறுவர்களே கொடுத்தார்கள். ஆறு ஏழு வயதில் வீட்டைப் பிரிந்து, பள்ளிக்கூடம் இல்லாமல், அடியும் மனப்பாடமுமாக வளர்ந்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த நாளில் ஸ்திரீபார்ட் பையனின் மதிப்பும் உடைந்தது. பெண் வேடத்தை ஆண் பிள்ளைகளே கட்டியதால், பெண்ணின் துயரத்தைப் பற்றிய புதிய நாடகங்களிலும் நீண்ட காலம் பெண்ணின் குரல் கேட்கவில்லை. சுழற்சி முறையின் பெருமையைப் பேசுகிற எவரும் இதைச் சேர்த்துத்தான் பேசவேண்டும். அந்தத் தேர்ச்சியில் ஒரு பகுதி குழந்தைகளின் உழைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அதை மீண்டும் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது.

நாடகங்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று சொன்னேன். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதுவே என் வாதத்துக்கு அடிப்படை. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ அரசு தடைசெய்த நாடகம். அதைத்தான் சகோதரர்கள் 1931-இல் ‘தேசபக்தி’ என்று பெயர் மாற்றி மேடையேற்றினார்கள். அதில் பாரதியின் பாடல்கள் ஒலித்தன. நடுவே என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டுச் சுடலைமாடன் கோவிலிலும் இசக்கியம்மன் கோவிலிலும் பிறந்த கலை. செத்துத் தெய்வமானவர்களின் கதையைச் சொல்வதற்கு ஏற்பட்ட அந்த வடிவத்தில் உயிரோடிருக்கிற ஒரு தலைவரின் கதை சொல்லப்பட்டபோது, பழையதும் புதியதும் அடுத்தடுத்த இரவுகளில் நிற்காமல் ஒரே காட்சிக்குள் வந்து மோதின. கேட்டவர்களுக்கு வில்லின் ஒலியும் உடுக்கின் அடியும் தெரியும். அதில் ஏறி வருகிற ஆளைப் பற்றிய செய்திதான் புதிது. பழைய வடிவத்துக்குள் இருந்த நம்பிக்கை புதிய பொருளுக்குக் கைமாறியது. இப்படியான சந்திப்பை அந்தக் கம்பெனி கொள்கையாக வளர்த்தெடுத்திருந்தால் தமிழ் நாடகத்தின் கதை வேறாகியிருக்கும். அது ஒரு நாடகத்தின் ஒரு காட்சியாக நின்றுவிட்டது. 1950 அளவில் நிரந்தரக் கம்பெனியையும் கலைத்துவிட்டார்கள்; ‘ராஜராஜ சோழன்’ அதற்குப் பின் வந்தது.

அந்தச் சந்திப்பைக் கொள்கையாகவே செய்துகாட்டியவர்கள் இலங்கையில் இருந்தார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக்கொண்டு 1962-இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். மட்டக்களப்பில் விடிய விடிய ஆடுவதை நகரத்து மேடைக்குரிய நேரத்துக்குள் சுருக்கினார். அறுபதுகளின் நடுவில் வந்த ‘இராவணேசன்’ அதே ஆட்டத்தில் இராவணனைத் துன்பியல் நாயகனாக நிறுத்தியது. அதில் ஆடிய சி. மௌனகுரு, தசாப்தத்தின் இறுதியில் ‘சங்காரம்’ என்ற படைப்பில் அதே தாளக்கட்டையும் ஆட்டமுறையையும் சமூக விடுதலையைப் பேசுவதற்குக் கொண்டுவந்தார். மட்டக்களப்புக் கூத்தின் வடமோடி ஆட்டத்துக்குரிய வீரநடை அரசர்களுக்கு மட்டுமே சொந்தம் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. பழைய கூத்தை முதலில் சரியாகக் கற்று ஆடாமல் இருந்திருந்தால் ‘சங்காரம்’ வெறும் கோஷமாகப் போயிருக்கும். சென்னையில் 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் தெருக்கூத்துக் கற்றே நவீன நாடகத்துக்கு வந்தது. அதன் நடிகர்களின் உடல்மொழியில் அந்தப் பாடம் தெரிந்தது. ஆனால் அதன் பார்வையாளர்கள் நகரத்தின் ஒரு சிறு வட்டத்தைத் தாண்டவில்லை. கூத்துப் பார்த்து வளர்ந்த கிராமத்தார் முன்னால் அந்த நவீன நாடகங்கள் தொடர்ந்து நின்றிருந்தால் இரு பக்கமும் பெற்றிருக்கக்கூடியது அதிகம்.

இனி கெடாவுக்கு வருவோம். சுங்கை பட்டாணிக்கும் குரூணுக்கும் இடையில், பழைய நெடுஞ்சாலை ஓரத்தில் பீடோங் இருக்கிறது. ஹார்வர்ட், சுங்கை தோக் பாவாங் என்று சுற்றிலும் தோட்டங்கள். முன்பு பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. இந்த வட்டாரத் தோட்டங்களில் நாடகம் இல்லாமல் இருந்ததில்லை. பகலெல்லாம் வெட்டுக்காட்டில் நின்றவர்கள் இரவில் லயத்து வாசலில் பாடம் படித்து, அம்மன் திருவிழாவில் ‘பவளக்கொடி’யும் ‘நல்லதங்கா’ளும் ‘அரிச்சந்திர மயான காண்ட’மும் ஆடினார்கள், மாசியில் காமன் கூத்து நடத்தினார்கள். மறுபக்கம், 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்ததிலிருந்து சுயமரியாதைக் கருத்துகள் பரவின. 1952-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் ஊர்தோறும் கொண்டாடப்பட்டது. அந்த மேடைகளிலும் இளைஞர் மணிமன்ற மேடைகளிலும் சீர்திருத்த நாடகங்கள் வந்தன. ஆக, பழையதும் புதியதும் நம்மிடமும் இருந்தன. ஆனால் டி.கே.எஸ். கம்பெனியில் ஒரே கொட்டகையில் இருந்தவை இங்கே இரண்டு மேடைகளாகப் பிரிந்துவிட்டன. புராணம் கோவில் திடலுக்குப் போனது, சீர்திருத்தம் மன்றத்துக்குப் போனது. கோவிலில் ஆடியவர்கள் மன்றத்தை நாத்திகம் என்றார்கள். மன்றத்தில் ஆடியவர்கள் கோவில் நாடகத்தை மூடத்தனம் என்றார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள், ஒருவர் ஆடுவதை மற்றவர் கற்றுக்கொள்ளவில்லை. கோவில் நாடகம் கேள்வி கேட்கப்படாமல் தேய்ந்தது. மன்ற நாடகம் பாட்டையும் ஆட்டத்தையும் இழந்து மேடைப் பேச்சாக மெலிந்தது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டத் தொடங்கியதும் இரண்டும் சேர்ந்து ஓய்ந்தன. பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடல், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நகரப் புறம்போக்குக்கும் அடுக்குமாடிக்கும் மக்கள் இடம்பெயர்ந்தது எல்லாம் நடந்தன, ஆட்களே கலைந்துபோனார்கள்.

இன்று இந்த வட்டாரத்தில் நாடகம் என்றால் பெரும்பாலும் ஓர் இரவு, ஒரு நாடகம். திருவிழாவிலோ பள்ளி நிதி திரட்டும் கலை இரவிலோ ஒரு முறை ஆடி, கைதட்டல் வாங்கி, உடையைத் திருப்பிக் கொடுத்ததோடு முடிந்துவிடுகிறது. அந்த நடிகர் இரண்டாவது இரவு ஆடினால் எதைத் திருத்திக்கொள்வார் என்பதை அவரே அறிய வாய்ப்பில்லை. ஒரு பருவம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நான்கு வார இறுதிகள், நான்கு நாடகங்கள். இரண்டு பழையவை, இரண்டு புதியவை. ஒரே பத்துப் பன்னிரண்டு பேர். ஆனால் டி.கே.எஸ். பட்டியலின் குறையை மீண்டும் செய்யக்கூடாது. வசூலுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று என்று அடுக்குவதில் பயனில்லை. ஒரு பழைய நாடகத்துக்கு எதிரே அதைக் கேள்வி கேட்கிற, அதனால் கேள்வி கேட்கப்படுகிற ஒரு புதிய நாடகம் நிற்கவேண்டும்.

‘மயான காண்ட’த்தை எடுத்துக்கொள்வோம். பொய் சொல்லாத அரசன் கடனுக்காக மனைவியையும் மகனையும் விற்று, தானும் அடிமையாகிச் சுடலை காக்கிறான். செத்த மகனைச் சுமந்து வரும் மனைவியிடமே கால் பணமும் முழத்துண்டும் கேட்கிறான். முதலாளிக்குச் சேரவேண்டியதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். இந்தக் கதையைத் தமிழ்நாட்டுக் கிராமம் சத்தியத்தின் பெருமையாகக் கேட்டது. முன்பணக் கடனோடு கப்பலேறி வந்து, கங்காணியின் கணக்கில் அடங்கி, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட நின்றவர்களின் பிள்ளைகள் அதை அப்படி மட்டுமா கேட்டிருப்பார்கள்? விற்கப்பட்டவனின் கதை அவர்கள் கதைக்கு மிக அருகில் இருந்தது. தோட்டங்களில் இந்த நாடகத்துக்கு இருந்த பற்றுக்குப் பக்தி மட்டும் காரணமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் நாடகம் சொல்கிற தீர்வு பொறுமை. எஜமானுக்கு உண்மையாக இரு, தெய்வம் வந்து கைகொடுக்கும் என்கிறது. அடிமைத்தனத்தை இத்தனை துல்லியமாகக் காட்டிவிட்டு, கடைசியில் அதை ஒரு சோதனையாக மாற்றிவிடுகிறது.

இதற்கு எதிரே வைக்கவேண்டிய நாடகத்துக்கான பொருள் பீடோங் மண்ணிலேயே கிடக்கிறது. ஜப்பானியர் காலத்துக்குப் பின், 1947-இல் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக்கொண்டு ஏ.எம். சாமி முன்னின்று நடத்திய தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. வேலைநிறுத்தம், போலீஸ் மோதல், கைது, சிறைத் தண்டனை என்று அது போனது, உயிர்களும் போயின. கள்ளுக்கடை தோட்டத்தின் ஏற்பாட்டோடு இணைந்திருந்ததால், குடியை எதிர்ப்பதும் நிர்வாகத்தை எதிர்ப்பதும் ஒன்றாயின. பொறுமையாக இருந்தவர்களின் பிள்ளைகள் பொறுமையைக் கைவிட்ட கதை இது. இதைத் தனியாக ஆடினால் வரலாற்றுப் பாடமாகச் சுருங்கும் ஆபத்து இருக்கிறது. அரிச்சந்திரனாக நின்ற அதே நடிகர் மறுவாரம் மறியலில் நிற்கும்போது, பார்க்கிறவர்களின் மனத்தில் முந்தின வாரத்து முழத்துண்டு இருக்கும். அப்போது வசனம் நிறையச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு இணையும் உண்டு. அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ டி.கே.எஸ். மேடையின் பெருமைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் அதைச் சோழப் பெருமிதமாகப் பார்க்கலாம். கடாரத்தில், அதாவது கெடாவில், உட்கார்ந்து அப்படி மட்டும் பார்க்க முடியுமா? நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடையாக விட்ட ராஜராஜன் கடாரத்து அரசனோடு நட்பாக இருந்தான்; அவன் மகன் ராஜேந்திரன் 1025 அளவில் அதே கடாரத்தின்மேல் படையெடுத்தான். பீடோங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் சுங்கை பத்து அகழாய்வுத் தளமும் பூஜாங் பள்ளத்தாக்கின் கோவில் எச்சங்களும் இருக்கின்றன. வென்ற கப்பல்களில் வந்தவர்களின் மொழியைப் பேசிக்கொண்டு, ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு கழித்துக் கூலிக் கப்பல்களில் அதே கரைக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த நாடகத்தை ஆடும்போது அதன் ஒவ்வொரு வெற்றி வசனமும் வேறு பொருள் கொள்ளும். சென்னையில் யாராலும் இதை இப்படி ஆடமுடியாது.

பழைய நாடகங்கள் பெண்ணடிமையையும் சாதியையும் சுமந்துவருகின்றன, அவற்றை ஏன் உயிர்ப்பிக்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழும் கதையை விளக்கமில்லாமல் ஆடினால், பெண்ணின் தற்கொலை புனிதமாகிவிடும். ஆனால் அதே கதையின் அடியில் பஞ்சம் இருக்கிறது. பஞ்சத்தில் பிறந்த வீடு கைவிட்டதும் இருக்கிறது. நம் முன்னோர்களைக் கப்பலேற்றிய காரணங்களில் பஞ்சமும் ஒன்று என்பதை நினைத்தால், அந்தக் கதையைப் பெட்டியில் பூட்டிவைக்க மனம் வரவில்லை. மன்றங்கள் அறுபது எழுபது ஆண்டுகளாகப் பூட்டித்தான் பார்த்தன. கதை அழியவில்லை, அதன் உள்ளே இருந்த பட்டினி மட்டும் மறந்துபோய், கற்பும் கண்ணீரும் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

செலவையும் நேரத்தையும் சொல்லி மறுப்பவர்களுக்குச் சுகுண விலாச சபையை நினைவூட்டலாம். 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு தொடங்கிய அந்தச் சபையில் நாடகத்தால் பிழைத்தவர் யாருமில்லை. வக்கீல்களும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களும் மாலையில் கூடி ஒத்திகை பார்த்தார்கள். ஒத்திகைக்கு நேரத்தில் வராதவரைப் பம்மல் பொறுத்துக்கொண்டதில்லை. ‘மனோகரா’ போன்ற சொந்த நாடகங்களோடு ‘அமலாதித்யன்’, ‘வாணீபுரத்து வணிகன்’ என்று ஷேக்ஸ்பியரின் தமிழ் வடிவங்களையும் மாற்றி மாற்றி ஆடினார்கள். ஆறு வயதுப் பையன்களை வீட்டைவிட்டுப் பிரிக்காமலே சுழற்சி முறையை நடத்தலாம் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. தொழிற்சாலையிலும் பள்ளியிலும் வேலை செய்பவர்களைக்கொண்டு பீடோங்கிலும் அப்படித்தான் செய்யமுடியும். ஆண்டுக்கு ஒரு நாடகத்தை ஆறு மாதம் ஒத்திகை பார்ப்பதைவிட, நான்கை ஒன்றுக்கொன்று துணையாக வளர்ப்பது உண்மையில் அதிகப் பாரமாகவும் இருக்காது. பாட்டுக்காரர், தாளக்காரர், உடை, விளக்கு எல்லாம் பொது.

நம் பிள்ளைகளுக்குப் பாட்டு நாடகத்தை உட்கார்ந்து கேட்கும் பொறுமை இல்லை என்ற மறுப்பு எஞ்சுகிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. விடிய விடிய ஆடமுடியாது, வெட்டித்தான் ஆகவேண்டும். எதை வெட்டுவது என்பதில்தான் கவனம் தேவை. சுருக்குகிறவர்கள் வழக்கமாக முதலில் கைவைப்பது கோமாளியான பபூன்மேல். கதைக்கு அவன் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தவறு என்று தெரியும். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையிலேயே சந்திக்கிற நடிகர்கள் சுவாமிகளின் பாடத்தை நம்பி ஆடுகிறார்கள். வள்ளியும் முருகனும் நூறாண்டாகச் சொன்னதையே சொல்ல, பபூன் மட்டும் அன்றைய ஊர்ச் செய்தியை, அரிசி விலையை, தேர்தலைப் பேசுகிறான். பழைய நாடகத்துக்குள் நிகழ்காலம் நுழைவதற்கு முன்னோர் திறந்துவைத்த கதவு அது. பீடோங்கில் ஆடும் ‘மயான காண்ட’த்தில் பாட்டைக் குறைக்கலாம், தர்க்கத்தைக் குறைக்கலாம், பபூனுக்கு நேரத்தைக் கூட்டவேண்டும். அவனுக்கு மலாய்ச் சொல் கலந்த தோட்டத்துத் தமிழைக் கொடுக்கவேண்டும். அதைக் கேட்ட பிள்ளைகள் மீதிப் பாட்டையும் கேட்பார்கள்.

நான்கு வாரங்களில் எதை முதலில் வைப்பது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும். 1947-ஐ முதலில் ஆடி, பிறகு ‘மயான காண்டம்’ ஆடினால், கோபம் தணிந்து பொறுமையில் போய் முடிந்ததாக ஆகிவிடும். ஆகவே சுடலையை முதல் வாரத்தில் வைக்கலாம். மறியல் இரண்டாம் வாரத்தில் வரட்டும். மூன்றாம் வாரத்தில் ராஜராஜன், நான்காம் வாரத்தில் கடாரத்திலிருந்து அந்தப் படையெடுப்பைப் பார்க்கிற, இன்னும் எழுதப்படாத ஒரு நாடகம். அதை எழுதக்கூடியவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். தோட்டத்து வாழ்க்கையை நாவலாக எழுதி வரும் சீ. முத்துசாமி போன்றவர்களின் கெடா இது. எழுதச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு மேடையும் ஒரு தேதியும் முதலில் வேண்டும்.